முழுவதும் கேட்ட பிறகு

முதலாவது, எண்பத்தாறாம் ஆண்டு, சால்டரிங் பிரிவின் புகையைப் பற்றி நான் எழுதிய துண்டறிக்கையில் பதினான்கு வரிகளை என்னைக் கேட்காமல் அடித்துவிட்டுத் தன் கையாலேயே அச்சிட்டார். இரண்டாவது, எண்பத்தேழு, கேண்டீன் புறக்கணிப்பின் மூன்றாம் நாள், எல்லோரும் வாசலில் பட்டினியாக உட்கார்ந்திருக்க, இவர் உள்ளே போய்த் தட்டை நீட்டினார். மூன்றாவது, எண்பத்தெட்டு, பேச்சுவார்த்தையில் இரண்டாவது கோரிக்கைக்கே மேலாளர் சிரித்ததால் நான் கிழித்தெறிந்த பட்டியலைக் குனிந்து பொறுக்கி, துண்டு துண்டாக மேஜைமேல் சேர்த்து வைத்து, மூன்றாவது கோரிக்கையிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். நான்காவது, எண்பத்தொன்பது மார்ச், ஆலையின் உள்விசாரணையில் எழுந்து நின்று, மூன்று சாட்சிகள் கேட்க, ஒரு காகிதத்தைப் பார்த்து என் பெயரை வாசித்தார். ஐந்தாவது, கதவை உதைத்துக்கொண்டு போன நான் கேட் கூட்டத்தில் கைதாகி, இருபது நாள் ரிமாண்டு முடிந்து வெளியே வந்தபோது, பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டிருந்தார். ஆறாவது, அதன்பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள், ஒரு கடிதம் இல்லை. ஏழாவது, போன செவ்வாய்க்கிழமை, நான் எழுதிய கணினி நிரலைப் பெயர்த்தெடுத்துவிட்டு வேறொன்றை வைக்கச் சொல்லி ஏழு பேட்சுகள், அதாவது திருத்தத் துண்டுகள், அனுப்பியிருக்கிறார். வரிசை மாறக் கூடாது. கோரிக்கைக்கும் குற்றத்துக்கும் எண் போட்டு எழுத வேண்டும் என்று துண்டறிக்கைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. எண் இல்லாத கோபத்தை எதிரி இரண்டு நாளில் கரைத்துவிடுவான்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வாய் அதைச் சொல்லி முப்பத்தைந்து ஆண்டு. இந்த அலுவலகத்தில் வேறு யாரையும் சொல்ல விட்டதுமில்லை. சனிக்கிழமை காலை பத்து மணி, ஓசூர், சங்க அலுவலகத்தின் மாடி. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் தடதடவென்று ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. பன்னிரண்டு மணிக்கு வட்டத் தோழர்கள் வருவார்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை கூடி நிரல் வாசிக்கிற வட்டம் இது. அதற்குள் இந்த ஏழையும் நான் படித்து, சம்மதம் என்றால் கீழே என் பெயரைப் போட வேண்டும், இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத வேண்டும். எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. நேற்றிரவே பல் தேய்க்கும்போது அதைச் சொல்லிப் பார்த்தேன். 'அனுபவமின்மை தெரிகிறது.' நல்ல வாக்கியம், ஒரே அடி. ஆனால் முதல் பேட்சைத் திறந்து கால் மணி நேரம் ஆகிறது, அந்த வாக்கியத்தை வைக்க இடம் கிடைக்கவில்லை. முதல் பேட்ச் ஒன்றையும் மாற்றவில்லை. என்னுடைய பழைய நிரலை அப்படியே தூக்கித் தனிக் கோப்பில் வைத்திருக்கிறார். இடம் மட்டும் மாற்றம், வேலை மாற்றம் இல்லை, என்று மேலே ஒரு வரி. ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டேன். ஒரு காற்புள்ளிகூட நகரவில்லை. என் குறிப்புரையில் நான் கோபத்தில் எழுதி வைத்திருந்த ஒரு வசவையும் கையோடு எடுத்துப் போய் வைத்திருக்கிறார். அடிக்கவில்லை. பதினான்கு வரிகளை அடித்த அதே கை.

எங்கள் ஆலை கணினி செய்தது. நாட்டுக்கே தெரியாது, ஆனால் செய்தது. அலமாரி அளவுப் பெட்டி, உள்ளே ஒரு வட்டு, அந்த வட்டில் தகவலை அடுக்கும் முறை எங்கள் ஆலைக்கென்றே தனியானது. ஆலை மூடியது, பெட்டிகள் பழைய இரும்புக்குப் போயின, வட்டுகள் சிலவற்றை நாங்கள் காப்பாற்றினோம். அவற்றை இன்றைய கணினியில் படிப்பதற்கான நிரலை லினக்ஸின் கெர்னலுக்குள், அதாவது கணினியின் எல்லா வேலைக்கும் அடியில் கிடக்கும் அந்த நிரலுக்குள், எழுதிச் சேர்த்தவன் நான். வீ. செங்கோடன், எட்டாம் வகுப்பு. இருபது ஆண்டுகளாகக் கோப்பின் தலையில் என் பெயர் இருக்கிறது. உலகத்தில் எந்த மூலையில் எவன் கெர்னலை இறக்கினாலும் என் பெயரும் சேர்ந்து இறங்கும், அதை எந்த மேலாளரும் நோட்டீஸ் ஒட்டி நீக்க முடியாது என்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். கைதட்டினார்கள். இப்போது நீக்கப் போகிறார்கள். மேலாளர் இல்லை, ஜெர்மனியில் இருந்து ஒரு மனிதர், மரியாதையாகத்தான் எழுதினார். வட்டை இணைக்கும்போது சொல்லும் நிபந்தனைகளை வாங்கிப் பிரிக்கும் பழைய முறையை எல்லோரும் விட்டாகிவிட்டது, உங்களுடையது ஒன்றுதான் பாக்கி, இந்த வாரத்துக்குள் புதிய முறைக்கு மாற்றி, கோப்பின் தலையில் பெயர் உள்ளவர் படித்து ஒப்பாவிட்டால், அடுத்த வெளியீட்டிலிருந்து உங்கள் நிரல் இருக்கும் அடைவையே எடுத்துவிடுவோம் என்று. வாரம் இன்றோடு முடிகிறது. எடுத்தால் எடுக்கட்டும் என்று சொல்லலாம், நாற்பத்தொரு பெண்கள் மட்டும் இல்லையென்றால். சால்டரிங் பிரிவில் ஈயப் புகையில் நின்ற நாற்பத்தொரு பேர். யார் எந்தப் பணிமுறையில், எத்தனை மணி நேரம், எந்தத் தொட்டியருகே நின்றார் என்ற பட்டியல் அந்த வட்டு ஒன்றில்தான் இருக்கிறது. காகிதத்தை ஆலை எரித்துவிட்டது. வழக்கு நடக்கிற வேகத்தில் நீதிமன்ற நிபுணரின் கைக்கு வட்டு போய்ச் சேரும்போது அடுத்த கெர்னல் வந்திருக்கும். அன்று புழக்கத்தில் இருப்பதில்தான் திறப்பேன், நீங்கள் கட்டிக் கொடுக்கும் பழசில் திறக்க மாட்டேன் என்கிறார் அவர். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

"அந்த டப்பாவ மொறச்சிப் பாத்தா பயந்துருமாணா?" மாதம்மாள் வந்துவிட்டாள். பன்னிரண்டு மணிக் கூட்டத்துக்கு இவள் பத்தரைக்கே வருவாள், படி ஏறி மூச்சு வாங்கி முடிக்க அவளுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். நாற்பத்தொன்றில் ஒருத்தி. அந்த உள்விசாரணையின் மூன்று சாட்சிகளிலும் ஒருத்தி, தொழிலாளர் தரப்புச் சாட்சி. நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்து இருமுகிறாள், நான் திரையைப் பார்ப்பதுபோல இருக்கிறேன். இருமல் முடிவதற்குள் அவளைப் பார்த்தால் அவளுக்குப் பிடிக்காது. "டீ வெச்சிருக்கீங்களா, இல்ல இன்னிக்கும் புரட்சி மட்டும்தானா?" பிளாஸ்க்கைக் காட்டினேன். "யாருது அது, அவரு அனுப்பிச்சதா?" என்றாள். அவர் என்றுதான் சொல்வாள், சட்டம் அவளுக்குத் தெரியும். ஆமாம் என்றேன். "நல்லாருக்கா?" நான் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் மறுத்ததாகிவிடுமா. ஆகாது, பார், அதைத்தான் மூன்றாவது பேட்சில் செய்திருக்கிறார். என் பழைய நிரலில், ஓடிக்கொண்டிருக்கும் வட்டுக்கு ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றச் சொன்னால், சொல்லாத மற்றவை எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும். சொல்லவில்லையா, அப்படியானால் வேண்டாம் என்று அர்த்தம், இருபது ஆண்டுகளாக அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. இவர் பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு வைத்துக்கொள்கிறார், எவை எவை சொல்லப்பட்டன என்று. சொல்லப்படாதது முன்பு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். மௌனத்துக்கு அவர் எந்த அர்த்தமும் கொடுப்பதில்லை. மூன்றே வரிகள். மூன்று வரியில் இதைச் செய்யலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

குறை இருக்கும். குறை இல்லாத நிரல் கிடையாது, குறை இல்லாத மனிதன் கிடையாது, இவரிடம் ஏழு இருக்கிறது, எண் போட்டு வைத்திருக்கிறேன். கணினியின் நினைவகத்தை வாங்கி விடுவிக்கும் இடங்களில் தேடினேன். நிபந்தனைகளில் ஒன்று பெயரை வாங்கும், வட்டுக்குச் சூட்டும் பெயர். அதை ஒரே வரியில் இரண்டு முறை கொடுத்தால் என்ன ஆகும்? முதலில் வாங்கிய இடத்தை விடுவிக்காமல் இரண்டாவதை அதன்மேல் வைத்துவிடுவார்கள், முதலாவது யாருக்கும் தெரியாமல் மிதக்கும், புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் விழுகிற குழி. இங்கே விழுந்திருப்பார் என்று நேராக அந்த இடத்துக்குப் போனேன், வாயில் டீ இனித்தது. விழவில்லை. பழையதை விடுவித்துவிட்டுத்தான் புதியதை வைக்கிறார். எண் கேட்கும் இடத்தில் எழுத்தைக் கொடுத்தால்? எந்த நிபந்தனை, என்ன தவறு என்று பெயர் சொல்லித் திருப்பி அனுப்புகிறது. என்னுடையது வெறுமனே 'தவறு' என்று சொல்லிக் கதவைச் சாத்தும். எது தவறு என்று நீயே தேடிக்கொள், எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பாதியில் நின்றுபோனால்? ஒரே ஒரு விடுவிக்கும் செயல்கூறு, பாதியில் வந்தாலும் முழுதாக வந்தாலும் அதே வழி, எங்கும் ஒரு நூல் தொங்கவில்லை. நான்கு தலைமுறைத் தச்சன் இழைத்த பலகைமேல் கை வைத்தாற்போல் இருந்தது. இல்லை, இது அலங்காரம், வேண்டாம். உள்ளதைச் சொல்கிறேன். அந்தச் செயல்கூற்றை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை படித்தது குறை தேட இல்லை.

இந்த மொழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதை நான் எங்கும் எழுதியதில்லை. சோதனைப் பிரிவில் இருவரும் ஒரே பெஞ்சு. கம்பெனியின் ஆங்கிலக் கையேட்டை ராத்திரி ராத்திரியாகத் தமிழில் எழுதி, சங்கத்தின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்திலேயே, துண்டறிக்கைக்கு வாங்கிய மையிலேயே அச்சடித்துக் கொடுத்தார், ஒரு பக்கம் ஒரு பாடம். தெரு முனையில் கையில் திணிக்கப்பட்ட காகிதங்களில்தான் நான் உலகத்தையே படித்தேன், நிரலையும் அப்படித்தான் படித்தேன். அந்த ஊதா எழுத்தில், 'கணினி நீ சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது' என்று முதல் பாடம் தொடங்கும். அந்தத் தாள்களை நான் எரித்தேன், ரிமாண்டிலிருந்து வந்த அன்று. எரித்தேனா? முப்பத்தோரு தாள். மூன்று மிச்சமிருக்கின்றன, எங்கே என்று எனக்கு மட்டும் தெரியும்.

பர்வீன் வந்தாள். பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவள், நாற்பது தாண்டியவள், வட்டத்தின் சோதனை வேலை எல்லாம் அவளுடையது. பையைக்கூட இறக்கவில்லை. "தோழர், நாலாவது பாத்துட்டீங்களா?" இன்னும் இல்லை என்றேன். "நாலாவதுதான் விஷயமே. பாருங்க, நான் பேசல." பேசாமல் இருக்க அவளால் முடியாது. "வட்டோட நகல்ல ரெண்டு விதமாவும் போட்டுப் பாத்தேன் தோழர். ஒரு பைட்டு மாறல. ஒண்ணுகூட!" மாதம்மாள் நிமிர்ந்தாள். "மாறலியா? அப்போ அந்த வக்கீலு இனிமே இளிக்க முடியாதா?" பர்வீன் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நான் ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறேன், மூன்று மாதமாக. வழக்கின் போன தவணையில் நிபுணர் நகலைத் திறந்து பார்த்தார், முன்னும் பின்னும் சரிபார்த்தார், முப்பத்திரண்டு பைட்டுகள் மாறியிருந்தன. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, கை வைக்கப்பட்ட சாட்சியம் என்றார், சிரித்தார். நிபுணர் தப்பாகத் திறந்துவிட்டார் என்று நான் சங்கக் கூட்டத்தில் முழங்கினேன், கெர்னல்காரர்களின் மடல்குழுவிலும் எழுதினேன். நீண்ட மடல், எண் போட்டது. நிபுணர் சரியாகத்தான் திறந்தார். அது எனக்கு அன்றிரவே தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லையென்றால் மறுத்ததாகாது என்று இப்போது எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேனா, இந்த மூன்று வரியை அதற்குத்தான் எடுத்துக்கொண்டேனா.

நான்காவது பேட்ச். மேலே விளக்கம் ஐந்து வரி, யாரையும் குறை சொல்லவில்லை, என் மடலைப் பார்த்ததாக ஒரு வரி, அவ்வளவுதான். என் நிரல் நிபந்தனைகளை இடமிருந்து வலமாகப் படிக்கும், படிக்கப் படிக்கச் செய்யும். 'சோதி' என்ற சொல் வந்தவுடன் வட்டைச் சோதிக்கத் தொடங்கும், சோதிக்கும்போது பழுது கண்டால் திருத்திவிடும். அடுத்த சொல் 'திருத்தாதே' என்று இருக்கும். அதைப் படிக்கும்போது திருத்தியாகிவிட்டிருக்கும். வரிசை மாற்றிக் கொடுத்தால் சரியாக வரும். நான் எப்போதும் 'திருத்தாதே' என்பதை முதலில் போடுவேன், அதனால் இருபது ஆண்டுகளாக எனக்கு ஒன்றும் நேரவில்லை. நிபுணர் பின்னால் போட்டார். எந்த விதியும் முன்னால் போடச் சொல்லவில்லை. இவர் என்ன செய்திருக்கிறார் என்றால், கேட்பதையும் செய்வதையும் பிரித்துவிட்டார். முதலில் எல்லாச் சொல்லையும் வாங்கி ஒரு தாளில் குறித்துக்கொள்கிறது. வட்டைத் தொடவே தொடாது. கடைசிச் சொல் வரைக்கும் கேட்கிறது. ஒன்றுக்கொன்று முரணா என்று பார்க்கிறது. முரண் என்றால் ஒன்றையும் செய்யாமல், எது எதோடு முரண் என்று சொல்லித் திரும்பிவிடுகிறது. எல்லாம் சரியென்றால், அப்போதுதான், ஒரே மூச்சில், வட்டைத் தொடுகிறது. எவ்வளவு சாதாரணம். புதிய முறை எல்லோருக்கும் தரும் வசதிதான், அவர் கண்டுபிடித்ததல்ல. ஆனால் அந்த முரண் பார்க்கும் இடத்தில் அவர் எழுதியிருக்கும் குறிப்புரை ஒரே வரி. முழுவதும் கேட்ட பிறகு செய். கெர்னலில் தமிழ்க் குறிப்புரை நிற்காது, ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு அது ஊதா மையில்தான் தெரிகிறது, ஒன்பதாவது தாள், கீழ்ப்பாதி.

நான் இரண்டாவது கோரிக்கையில் கிழித்தேன். பட்டியலில் ஏழு இருந்தன. ஏழாவது, சால்டரிங் பிரிவுக்குப் புகைபோக்கி. அதை மேலாளர் அன்று ஒப்புக்கொண்டது, துண்டுகளை ஒட்டி வாசித்தவர் வாசித்ததால்தான். புகைபோக்கி ஒன்றரை ஆண்டு ஓடியது. கேண்டீனில் தட்டை நீட்டினார், பார்த்தேன். தட்டு யாருக்குப் போனது என்று பார்க்கவில்லை, அதற்குள் முழக்கத்தைத் தொடங்கிவிட்டேன். அப்போது மாதம்மாளுக்கு வயிற்றில் ஏழு மாதம். வேண்டாம். ஒரு கணக்கை ஒரு நிரலை வைத்துத் திருத்தக் கூடாது. நிரல் வேறு, துரோகம் வேறு. திறமையானவன் துரோகி ஆக முடியாதா, எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். உள்விசாரணை அறை, மேலே மின்விசிறி, அதன் ஒரு இறக்கை வளைந்திருந்தது. துண்டறிக்கையைப் போட்டவர்கள் யார் என்று இன்று சொல்லாவிட்டால் சால்டரிங் பிரிவு நாற்பத்தொரு பேரும் நாளை முதல் சஸ்பெண்ட் என்றார்கள். நான் எழப் போனேன். எழப் போனேன்தான். அதற்குள் அவர் எழுந்தார், காகிதத்தை விரித்தார், என் பெயரை வாசித்தார். நாற்காலி விழுந்தது, நான் உதைத்த கதவு சுவரில் மோதித் திரும்பி வந்து என் தோளில் பட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு பெயர். ஒரு பெயரை வாசிக்க எதற்குக் காகிதம்? பத்து ஆண்டு பக்கத்தில் உட்கார்ந்தவனின் பெயர் மனதில் நிற்காதா?

கீழே இயந்திரம் நின்றுவிட்டது. ஐந்து, ஆறு, ஏழு படித்தேன், ஏழாவது பேட்ச் விளக்கக் கோப்பைத் திருத்துகிறது, எந்தச் சொல்லை எந்த வரிசையில் கொடுத்தாலும் பலன் ஒன்றே என்று. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். தோழர்கள் படியேறி வருகிறார்கள், செருப்புகள், நாற்காலிகள் இழுபடும் ஓசை, மொத்தம் ஒன்பது பேர். இந்த வட்டத்துக்கு நான் வைத்த வழக்கம் ஒன்று உண்டு, பழைய அச்சகத்திலிருந்து கொண்டுவந்தது. துண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் எல்லோரும் கேட்க வாசிக்கப்படும், கடைசியில் அதற்குப் பொறுப்பானவர்களின் பெயர்கள் வாசிக்கப்படும், முதலில் எழுதியவர், அடுத்து அச்சிட்டவர். பெயர் போடாத தாள் எங்கள் கையிலிருந்து போகக் கூடாது. பேட்சுக்கும் அதே வழக்கம். படித்தவன் எழுந்து நின்று வாசிக்க வேண்டும், பிறகுதான் மடல் போகும். எழுதியவரின் பெயரை நான் வாசிக்க வேண்டும். பர்வீன் புரொஜெக்டர் வைத்துத் திரையைச் சுவரில் விழவைத்துவிட்டு, "நான் வாசிச்சிடவா தோழர்?" என்றாள், மெதுவாக. நல்ல பெண். எனக்காகச் சட்டத்தை வளைக்கப் பார்க்கிறாள். முதலில் எழுதியவர், அடுத்து அச்சிட்டவர். இரண்டு பெயர். எப்போதும் இரண்டு பெயர்.

எழுந்தேன். முதலில் அந்த முப்பத்திரண்டு பைட்டுகளைச் சொன்னேன். நிபுணர் இல்லை, என் நிரல், மூன்று மாதமாகத் தெரியும் என்றேன். பிறகு, "மாதம்மா" என்றேன், "அன்னிக்கு அந்தக் காகிதத்துல எத்தன பேரு இருந்துச்சு?" "ரெண்டுங்கணா. மொதல்ல ஒங்குளுது. நீங்கதான் கதவ ஒதச்சிகினு போயிட்டீங்களே. முப்பத்தஞ்சு வருசமா சொல்ல வாயெடுத்தா, போதும் மாதம்மான்னு எந்திரிச்சிப் போயிர்றீங்க." இருமல் வந்தது. அவள் முடிக்கும்வரை நின்றேன். "ரெண்டாவது…" என்று தொடங்கினாள். கை காட்டி நிறுத்தினேன், இந்த ஒரு முறை கேட்காமலிருக்க அல்ல. அதைச் சொல்ல வேண்டியவன் நான். சுவரில் விழுந்த எழுத்தைப் பார்த்தேன், பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் பார்த்துத்தான் வாசித்தேன், காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறவன்போல, கடைசி நாற்காலிவரை கேட்கிற குரலில். ஏழு பேட்சுகள், பெயர்களின் வரிசையை மட்டும் திருப்பிப் போட்டேன். சோதித்தவர், பர்வீன். படித்து ஒப்பியவர், வீ. செங்கோடன். எழுதியவர், ஞா. தேவசித்தம்.